ஆயிரம் படியில் இறங்கும்போதுதான் தெரிந்தது

மெல்பர்னுக்குக் குடிவந்த முதல் வருடத்துக்குள் யாராவது ஒருவர் நம்மை 'ஆயிரம் படி'க்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என்னை இழுத்தது வேலையிடத்தில் பக்கத்து மேசைக்காரர். "ஒரு மணி நேர வேலை, ஏறி இறங்கிட்டு வந்து மத்தியானம் சாப்பிடலாம்" என்றார். நான் சின்ன வயதிலிருந்து பழனிப் படி ஏறியவன், அதுவும் ஒருமுறை காவடியோடு வந்த கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஏறியவன், இதெல்லாம் எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஒரு முழங்கால், ஆறு வார பிசியோதெரபி.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குக் கிழக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் போல, டான்டினாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஃபெர்ன்ட்ரீ கல்லி என்று ஒரு காட்டுப்பகுதி. பெயரிலேயே இருக்கிறது, மரப்பெரணிகள் நிறைந்த ஓடைப்பள்ளம். அங்கிருந்து ஒன் ட்ரீ ஹில் என்ற மேட்டுக்கு ஏறும் பாதைக்கு முறையான பெயர் கோகோடா ட்ராக் நினைவு நடை. ஊர் முழுக்க அதை 'தௌசண்ட் ஸ்டெப்ஸ்' என்றுதான் சொல்லும். ஆயிரம் படி கிடையாது, எண்ணிப் பார்த்தவர்கள் எல்லோரும் எண்ணூறுக்குள்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் சொல்லும் எண் இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை. உச்சி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். போக வர ஐந்து கிலோமீட்டர். காகிதத்தில் பார்த்தால் இவ்வளவுதான், இந்த 'இவ்வளவுதான்' என்பதை நம்பித்தான் ஆள்கள் தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல் வந்து நிற்கிறார்கள், நானும் அப்படித்தான் நின்றேன்.

அது ஜூலை மாதம், இங்கே நல்ல குளிர்காலம், முந்தின இரவு மழை. காலையில் ஒரு காபி மட்டும் குடித்திருந்தேன். காலில் ஆபீசுக்குப் போட்டுப்போகும் ஷூ, அடி வழவழவென்று தேய்ந்தது. ஆரம்பத்தில் பாதை சாதுவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து வேகமாக நடந்தேன். படி தொடங்கிய இடத்தில் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள். அவ்வளவுதான், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலைந்து நிமிடம் அவளுக்குச் சரியாக ஏறினேன். அதன்பின் வாய் உலர்ந்து, காதில் இதயம் அடிப்பது கேட்டு, கண் ஓரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. படியோரம் உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்று, நலமா என்று கேட்டுவிட்டு, நான் தலையாட்டியதும் ஓடிப் போனார். ஓடித்தான் போனார், நடக்கவில்லை. இங்கே வாரத்துக்கு மூன்று நாள் இதை உடற்பயிற்சிக் கூடம் மாதிரி பயன்படுத்துகிறவர்கள் உண்டு, ஒரே காலையில் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குவார்கள். அவர்களோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்வது முதல் தப்பு.

எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அடிபட்டது ஏறும்போது இல்லை. ஏறியாகிவிட்டது, இனி என்ன, இறக்கம்தானே என்று பேசிக்கொண்டே அதே படிகளில் திரும்பி இறங்கினோம். தொடை இரண்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈரப்படி, அதன் மேல் ஒட்டிக் கிடந்த யூகலிப்டஸ் இலை, தேய்ந்த ஷூ. பாதி தூரத்தில் வலது கால் வழுக்கி, இடது கால் மடங்கி, சத்தமாக உட்கார்ந்தேன். எலும்பு உடையவில்லை, முழங்கால் திருகிக்கொண்டது. மீதி இறக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, பக்கத்து மேசைக்காரர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு.

பிசியோதெரபிக்காரர் ஒரு விஷயம் விளக்கினார், அதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்யும். மூச்சு வாங்கும், அதனால் நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்துக்கு பிரேக் பிடிக்க வேண்டும். தசை நாருக்கு இந்த வேலையில்தான் சேதம் அதிகம். மூச்சு வாங்காததால் களைப்பு தெரியாது, கால் நடுங்கத் தொடங்கும்போது பிரேக் பாதி போயிருக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் வலிக்கிறதே, அது ஏறியதால் வந்த வலி இல்லை, இறங்கியதால் வந்தது.

அதன்பிறகு இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. போகவைத்தவர் என் மாமனார்.

சிவகங்கைப் பக்கத்துக்காரர், வயது எழுபத்தொன்று, சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. பேத்தியைப் பார்க்க வந்தவருக்கு நாங்கள் இருக்கும் கிளேட்டனில் வீடு, பூங்கா, கடை என்று மூன்று வாரத்தில் அலுத்துவிட்டது. "மலை ஏதும் இல்லையா மாப்பிள்ளை, இந்த ஊரு தட்டு மாதிரி இருக்கே" என்றார். நான் வேண்டாமென்று சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். என் மனைவி, "அப்பா தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறார், உங்களைவிட நல்லாவே ஏறுவார்" என்று போட்டு உடைத்தாள். சரி, இந்த முறை ஒழுங்காகப் போவோம் என்று முடிவு செய்தேன்.

ஒழுங்காக என்றால், முதலில் குடும்ப மருத்துவரிடம் ஒரு வார்த்தை. வயதானவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் என்றால் இதைத் தவிர்க்காதீர்கள், சின்ன நடைதானே என்று விடக்கூடிய ஏற்றம் இல்லை இது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஏறக்கூடாது என்பது அவர் கண்டிப்பாகச் சொன்னது. அதனால் காலையில் நான்கு இட்லி, பையில் கடலை மிட்டாய், ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். மாமா வேட்டி, செருப்போடுதான் வருவேன் என்றார். வேட்டிக்கு ஒத்துக்கொண்டேன், செருப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடியில் நன்றாகப் பள்ளம் வெட்டிய ஷூ ஒன்று வாங்கி ஒரு வாரம் தெருவில் போட்டு நடக்கவைத்தேன். கடைசியில் வேட்டியும் வேண்டாமென்று அவரே பேண்டுக்கு மாறிவிட்டார், குளிர்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு முன்னாலேயே போய்விட்டோம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நல்ல வெயில் அடிக்கும் ஞாயிறு பத்து மணிக்குப் போனால் கார் நிறுத்த இடம் தேடியே ஒரு நடை நடந்துவிடலாம், படியில் வரிசை நிற்கும், வரிசைக்கு நடுவில் வயதானவரை நிதானமாக ஏறவைக்க முடியாது. கார் இல்லாதவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை, பெல்கிரேவ் ரயிலில் ஏறி அப்பர் ஃபெர்ன்ட்ரீ கல்லி நிலையத்தில் இறங்கினால் பாதை தொடங்கும் பிக்னிக் திடலுக்குப் பொடிநடை. நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். மலைப்பாதையின் வாசலில் மின்சார ரயில் கொண்டுவந்து விடுவது எத்தனை ஊரில் நடக்கும்?

உள்ளே நுழைந்ததும் மாமா நின்று மூச்சை இழுத்தார். "என்ன மாப்பிள்ளை, ஊட்டி வாசனை அடிக்குது?"

அடிக்கத்தான் செய்யும். ஊட்டியில் நாம் நீலகிரித் தைலம் என்று வாங்குகிறோமே, அந்த மரம் இந்தக் கண்டத்திலிருந்து அங்கே போனது. வெள்ளைக்காரன் விறகுக்காக நட்டது, நம் சோலைக்காடுகளின் தண்ணீரை அது என்ன செய்தது என்பது தனிக்கதை. அதன் சொந்த ஊரில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. வரிசையாக நட்ட தோப்பாக இல்லாமல், பட்டை உரிந்து தொங்கிக்கொண்டு, கீழே ஆள் உயரத்துக்கும் மேலே மரப்பெரணிகள், ஓடைச் சத்தம். இந்த மலைத்தொடரில் மௌண்டன் ஆஷ் என்று ஒரு யூகலிப்டஸ் வகை உண்டு, உலகத்திலேயே பூக்கும் தாவரங்களில் மிக உயரமாக வளர்பவற்றில் அதுவும் ஒன்று. காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்த மரங்களுக்கு அடியில் இருக்கக்கூடாது, கிளை சொல்லாமல் விழும். 2021 ஜூனில் அடித்த புயலில் இந்த மலைப்பகுதியில் மரங்கள் கூட்டமாகச் சாய்ந்து பல வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை.

படி தொடங்கும் முன் மாமாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வழியில் இடையிடையே நினைவுப் பலகைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும். நான் நினைத்தது ஓய்வுக்காக. பேச முடிகிற வேகத்தில்தான் ஏறுவது, பேச்சு அறுந்தால் நிற்பது, இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல். ஆனால் மாமா பலகை படிக்கத் தொடங்கியதும் நிபந்தனை கைமாறிவிட்டது, நான் போகலாம் என்றாலும் அவர் விடவில்லை.

கோகோடா என்பது பப்புவா நியூ கினியில் இருக்கும் ஒரு கிராமம். 1942 ஜூலையில் ஜப்பானியப் படை அந்தத் தீவின் வடகரையில் இறங்கி, ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்து தென்கரையில் உள்ள போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கப் பார்த்தது. குறுக்கே இருந்தது கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. அதில் முதலில் எதிர்த்து நின்ற படைகளில் ஒன்று 39-வது பட்டாலியன், பெரும்பாலும் இந்த விக்டோரியா மாநிலத்துப் பையன்கள், பயிற்சி போதாதவர்கள். பின்வாங்கிப் பின்வாங்கி, பிறகு ஆள்பலம் சேர்ந்து திருப்பி அடித்து, நவம்பர் தொடக்கத்தில் கோகோடாவை மீட்டார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள், மலேரியாவும் வயிற்றுப்போக்கும் படுக்கவைத்தது அதைவிடப் பல மடங்கு. அந்தப் பாதையில் ஓரிடத்தில் செங்குத்துச் சரிவில் மண்ணை வெட்டி மரக்கட்டையால் முட்டுக்கொடுத்துப் படி செய்திருந்தார்கள், கட்டைக்குப் பின்னால் சேறு தேங்கி நிற்கும், சிப்பாய்கள் அதைத் தங்கப் படிக்கட்டு என்று கேலியாகச் சொன்னார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கியது ஊர்க்காரப் பப்புவா மக்கள். இங்கே மூச்சு முட்டப் படியேறும்போது அது நினைவுக்கு வரட்டும் என்பதுதான் இந்த நடையின் ஏற்பாடு.

எனக்கு இதெல்லாம் தகவல். மாமா '1942' என்ற எண்ணைப் பார்த்ததும் பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா அந்த வருஷம் நடந்து வந்தவருதான்."

எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது, என் மனைவியும் முழுதாகச் சொன்னதில்லை. அவருடைய அப்பா பதினாறு வயதில் ரங்கூனுக்கு, முகல் தெருவில் ஒரு செட்டியார் லேவாதேவிக் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை வேலையாளாகப் போனவர். 1941 டிசம்பர் கடைசியில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது அடுத்தாள் என்ற மேல்நிலைக்கு உயர்ந்திருந்தார். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. மாந்தளை, கலேவா, தமு, அங்கிருந்து மலைமேல் ஏறி மணிப்பூர். வழியெல்லாம் காலரா. கூடக் கிளம்பிய ஏழு பேரில் திமாப்பூரில் ரயில் ஏறியவர்கள் மூன்று பேர். ஊருக்கு வந்தபோது அவருடைய அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லையாம். பர்மாவிலிருந்து அந்த வருடம் இப்படி நடந்தவர்கள் லட்சக்கணக்கில், நம் தமிழ்க் குடும்பங்கள் அதில் நிறைய. இந்தப் பையன்கள் எதிர்த்து நின்றதும் அவர்கள் ஓடி வந்ததும் அதே வருடம், அதே ஜப்பானிய ராணுவத்துக்கு முன்னால். மாமா இதைச் சொன்னது ஒரே மூச்சில் இல்லை. இரண்டு பலகைக்கு நடுவில் கொஞ்சம், நாற்பது ஐம்பது படி, பிறகு கொஞ்சம். "அவருக்குப் படி யார் வெட்டி வச்சா?" என்று ஒருமுறை கேட்டார், என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

இடது ஓரமாக ஏறினோம், ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு. படிகள் ஒன்றுபோல் உயரம் இல்லாதவை, ஒரு தாளத்தில் கால் வைக்க முடியாது, பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நின்றால் நடுப்படியில் நிற்காதீர்கள், ஓரமாக ஒதுங்குங்கள், முதல்முறை நான் நடுவில் உட்கார்ந்து எத்தனை பேரின் சாபத்தை வாங்கினேனோ. மேல்பகுதிதான் கடுமை, முடிந்துவிட்டது என்று தோன்றும் வளைவுக்குப் பின்னால் இன்னொரு கட்டு இருக்கும். உச்சிக்குப் போக எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம். மாமாவுக்கு நெற்றியில் கொஞ்சம் வியர்வை. முதல்முறை நான் இதைவிடக் குறைந்த நேரத்தில் ஏறினேன், ஆனால் அந்த ஏற்றத்தில் நான் பார்த்தது முன்னால் போனவரின் ஷூ மட்டும்தான்.

ஒன் ட்ரீ ஹில் போனதும் மாமா சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. மேலே புல்வெளி, மேசை, கழிப்பறை, வரிசையாகக் கார். ஒரு குடும்பம் காரிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தது. "ரோடு இருக்கா மாப்பிள்ளை!" இருக்கிறது. முட்டிவலி உள்ள அம்மா, சின்னப் பிள்ளைகள் எல்லோரையும் ஒருவர் காரில் மேலே கொண்டுவந்துவிட, மற்றவர்கள் நடந்து வந்து சேர்ந்து புளியோதரை சாப்பிடலாம், நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். இன்னொன்று, உச்சியில் பிரமாதமான காட்சி இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள், சுற்றிலும் மரம். இங்கே பார்க்க வேண்டியது வழியில்தான் இருக்கிறது.

இறங்கும்போது இந்த முறை படிப் பக்கமே போகவில்லை. படிகளுக்கு இணையாக லயர்பேர்ட் ட்ராக் என்று ஒரு பாதை இறங்குகிறது, படி கிடையாது, மண் பாதை. அதுவும் சரிவுதான், காய்ந்த நாளில் சரளை உருளும், ஆனால் கால் வைக்கும் தூரத்தை நாமே முடிவு செய்யலாம், ஏறுகிறவர்களின் நெரிசலும் குறைவு. சின்னச் சின்ன அடி, முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வைத்துக்கொள்வது, மிகச் சரிவான இடத்தில் நேராக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாக இறங்குவது. மாமாவுக்கு ஒரு ஊன்றுகோல் வாங்கியிருந்தேன், ஏறும்போது என் கையில் இருந்தது, இறங்கும்போது அவர் கையில். உச்சியிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்து, கடலை மிட்டாய் தின்று, கால் நடுக்கம் போன பிறகுதான் இறங்கத் தொடங்கினோம். இந்த இருபது நிமிடத்தை நான் ஷூவுக்கு அடுத்தபடியாக வைப்பேன்.

பாதிவழியில் ஒரு புதருக்குள்ளிருந்து நாலைந்து பறவைகள் மாறி மாறிக் கத்தின. நின்று பார்த்தால் ஒரே ஒரு பறவை, கோழி அளவு, பழுப்பு நிறம், பின்னால் நீளமான வால். லயர்பேர்ட். இந்த ஊர் பத்து சென்ட் நாணயத்தில் இருப்பது அதுதான். மற்ற பறவைகளின் குரலையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும், குளிர்காலம்தான் அதன் பாட்டுப் பருவம். மாமா பையிலிருந்து நாணயத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது தேசியப் பூங்கா, நாயைக் கூட்டிவர அனுமதி இல்லை. கோடையில் கிளம்பும் முன் அன்றைக்குத் தீ அபாய அளவு என்ன என்று பாருங்கள், உச்சக்கட்ட அபாய நாளில் பூங்காவையே மூடிவிடுவார்கள், மூடாவிட்டாலும் நாற்பது டிகிரி வெயிலில் அங்கே உங்களுக்கு வேலை இல்லை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டும், மூன்று மணிக்கு மேல் ஏறத் தொடங்க வேண்டாம். மழைக்குப் பிறகு அட்டை இருக்கும், நீள சாக்ஸ் போதும். வெயில் காலத்தில் பாம்பு உண்டு, அதுபாட்டுக்குப் போய்விடும், நின்று வழிவிட்டால் போதும். கடித்துவிட்டால் நம் ஊர்ப் பழக்கத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, கழுவுவது எதுவும் கூடாது. அகலமான துணிக்கட்டைக் கடிபட்ட கையிலோ காலிலோ விரல்களுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி முழுக்கச் சுற்றி, அசையாமல் படுக்கவைத்து, அவசர உதவி எண் 000-க்குக் கூப்பிட வேண்டும், அதனால் ஒரு அகலக் கட்டு பையில் கிடக்கட்டும். பாதையோரம் பச்சைப் பலகையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி இருந்தால் போனில் அதைச் சொன்னால் போதும், இடத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நான் வழுக்கி விழுந்த அன்று, எங்கே இருக்கிறோம் என்று கேட்டிருந்தால் 'மரத்துக்குப் பக்கத்தில்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை மாமாவுக்குத் தொடை வலிக்கிறதா என்று கேட்டேன். லேசாக என்றார். எனக்கும் லேசாகத்தான் இருந்தது. அப்புறம் காபி குடித்துக்கொண்டே, தான் ஏறும்போது மனதுக்குள் படியை எண்ணிக்கொண்டே வந்ததாகவும், முந்நூற்றிப் பன்னிரண்டு வரை சரியாக இருந்ததாகவும், அப்பா கதை பேசப்போய் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை முதல்லேர்ந்து எண்ணணும் மாப்பிள்ளை. பேச்சுக் கொடுக்காதீங்க."